‘பா’ என்று எழுதிய பொத்தான்

என் மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விசைத்தறிக் கூடத்தில் கல்யாணத்துக்கு முன்னிருந்தே வேலை பார்த்தவள். தறி ஓடும்போது எதிரில் நிற்பவர் பேசுவதை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதில் அவள் கெட்டிக்காரி. நான் வாய்க்குள் முணுமுணுப்பதைக்கூடக் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் டிவியில் அந்தத் திறமை பலிக்காது. அவள் பார்ப்பது இந்தியிலிருந்து டப்பிங் செய்த சீரியல். வாய் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். அதனால் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவாள்.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டே, “அக்கா, நீங்க டிவி போட்டா எங்க வூட்டு மிக்ஸி ஓடறதே தெரியல” என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். இவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் டிவியைப் போடவே இல்லை. ஏழரை மணிக்கு அணைந்து கிடந்த டிவியின் முன்னால் உட்கார்ந்து பூண்டு உரித்தாள். நாள் முழுக்க உழைப்பவளுக்கு அந்த அரைமணி நேரம்தான் பொழுதுபோக்கு. எனக்கு மனசு கேட்கவில்லை. காது மெஷின் வாங்கலாம் என்றேன். “அத மாட்டிக்கினா கெழவின்னுவாங்க” என்று முடித்துவிட்டாள். ஹெட்போனை நேராக டிவியில் செருகிப் பார்த்தோம். சத்தம் பத்தவில்லை.

அரக்கோணத்தில் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் பழுது பார்க்கும் பாய் ஒருவர் கடை வைத்திருக்கிறார். அவர் ஹெட்போனுக்கென்றே ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் செய்து கொடுத்தார். சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். உள்ளே துவரம்பருப்பு அளவில் ஒரு சிப். திருகும் குமிழ் கிடையாது, மூன்று பொத்தான்கள். மார்க்கர் பேனாவால் ஒன்றில் கூட்டல், ஒன்றில் கழித்தல், மூன்றாவதில் ‘பா’ என்று எழுதியிருந்தார். எது எதற்கு என்று விளக்கமாகத்தான் சொன்னார். கடையில் கூட்டம். எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்ததால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள். “பா-ன்னா இன்னாங்க?”

“தெரியலியே.”

“பாட்டுக்கா இருக்கும். வேற இன்னா இருக்கப் போவுது?”

சீரியல் தொடக்கப் பாட்டு வந்தது. ‘பா’வை அமுக்கினாள். முகம் மலர்ந்தது. “பம்பை அடிக்கறாப்பல நெஞ்சுல இடிக்குதுங்க!” என்றாள். விளம்பரத்தில் பாட்டு வந்தது, மறுபடி அமுக்கினாள். பேச்சு வந்தபோது எதுவும் புரியவில்லை. கூட்டலை மேலே மேலே அமுக்கினாள். துணி கிழிவது போலக் கரகரத்தது. பெட்டியை நிறுத்தி வைத்தாலும் சிப் மறப்பதில்லை, விட்ட இடத்திலிருந்தே தொடங்கும். இரண்டு மூன்று நாளில் கதாநாயகன் முதல் வில்லி வரை எல்லாரும் ஒரே குரலில் உறுமினார்கள்.

“பானைக்குள்ள தலைய வுட்டுக்கினு பேசறானுங்க” என்று ஹெட்போனைக் கழற்றினாள். “வேணாங்க. பொட்டியும் வேணாம், சீரியலும் வேணாம்.”

மறுபடி பூண்டு.

சனிக்கிழமை எங்கள் ஊர் திருத்தணியில் ரயிலேறினேன். கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். சொல்லிப் பார்த்ததெல்லாம் பறந்துவிட்டது. ஒரு ஜோடி பேட்டரி செல் கேட்டு வாங்கித் திரும்பினேன்.

“இன்னா நைனா,” என்றார் பாய் பின்னாலிருந்து. “திருத்தணியில செல்லு விக்கறத நிறுத்திட்டானுங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு பேச்சு வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

“பா-வ எப்பெல்லாம் அமுக்கினாங்க?”

“பாட்டு வரும்போதெல்லாம்.”

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “பாஸுங்க அது! பாஸு! இடம் பத்தலன்னு ஒரு எழுத்தோட நிறுத்தினேன்.”

பிறகு பொறுமையாகச் சொன்னார். “கூட்டல அமுக்கினா மொத்த சத்தமும் ஒரு படி ஏறும். பா அமுக்கினா அடி சத்தம் மட்டும் ஏறும். மேளம், இடி, லாரி எஞ்சின் மாதிரி. பேச்சுல ஒவ்வொரு எழுத்தையும் பிரிச்சுக் காட்டறது மேல் சத்தம். தறி கெடுக்கறதே காதுல அந்த எடத்தத்தான். நீங்க அடியையே ஏத்திக்கினு இருந்தா மேல மிச்சம் இருக்கறதும் மூடிக்கும்.”

“கரகரன்னு கேக்குதே?”

“பொடி சிப்பு, அதால குடுக்க முடிஞ்சது அவ்ளோதான். பாஸும் ஏத்தி, சத்தமும் ஏத்தினா தலை கூரையில இடிக்குது. பாஸு வேணும்னா மொதல்ல சத்தத்த எறக்கிக்கங்க. பா-வ அழுத்திப் புடிச்சுக்கினே இருந்தா பழையபடி ஆயிடும்.”

அன்று ஏழரைக்கு ‘பா’வை நானே அழுத்திப் பிடித்தேன். கூட்டலை அளவாக ஏற்றி, அவள் தலையில் ஹெட்போனை மாட்டினேன். வில்லி யார் காதிலோ கிசுகிசுத்தாள்.

“ஐயோ, அவ ரகசியம் பேசறது எனக்குக் கேக்குதுங்க!” என்று கத்தினாள் என் மனைவி.

நிஜமாகவே கத்தினாள். காதை மூடியிருப்பதால் தன் குரல் அவளுக்குக் கேட்கவில்லை. குரலும் தறிக்கூடத்தில் பழகிய குரல். “அடிப்பாவி, பால்ல இன்னாத்தயோ கலக்கறா! குடிக்காதடி! ஏய், கீழ வைடி டம்ளர!”

மெதுவாகப் பேசச் சொல்லி நான் காட்டிய சைகையை அவள் பார்க்கவில்லை. கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக்காரி நின்றாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

“அண்ணா, அந்தப் பொண்ணு பால குடிச்சிடிச்சா?”

எனக்குத் தெரியாது என்றேன். என்னைத் தாண்டி உள்ளே போய் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஹெட்போன் செருகியிருந்தால் எங்கள் டிவியில் வெளியே சத்தம் வராது. பிடுங்கிவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாண்ணா, அக்காவே சொல்லட்டும்” என்றாள், கண்ணை எடுக்காமல்.

இவள் உரக்கச் சொல்ல, அவள் “அப்புறம், அப்புறம்” என்று தொடையில் தட்டித் தட்டிக் கேட்டாள். நான் சமையலறைக்குப் போய் மூன்று டம்ளரை எடுத்து வைத்து, டீக்குத் தண்ணீர் வைத்தேன்.