அமுதா அக்காவின் கிழத் தண்ணீர்

அமுதா அக்கா இறந்துவிட்டார் என்று அன்று நான் குப்பத்து மக்களிடம் சொல்லவில்லை. பழவேற்காட்டில் படகேறும்போது நம் தண்ணீர் ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. விடியற்காலையில் மாரடைப்பு. பசியாவரம் தீவைத் தாண்டி மீனவக் குப்பத்தில் இறங்கியதும் அங்கே குடியிருக்கும் தேசம்மா கேட்டார்: "இன்னாம்மா, உங்க மேடம் வர்ல?"

"வரல" என்றேன்.

அந்தக் குப்பத்தில் இரண்டு தண்ணீர். மணல் ஊற்றில் கிடைப்பது போன மழையின் நீர், இனிக்கும். ஆனால் வீடுகளின் கழிவிலிருந்து கிருமிகள் அதில் இறங்கியிருந்தன. குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு. களிமண்ணுக்குக் கீழேயிருந்து, அக்கா போட்டுக்கொடுத்த அடிபம்பில் வருவது மிகப் பழைய நீர். "டச்சுக்காரன் கப்பல்ல வந்தப்பவே இது கிழத் தண்ணி" என்பார் அக்கா. காற்றே படாத அந்த ஆழத்தில் கந்தகத்தை வைத்துப் பிழைக்கும் நுண்ணுயிர்கள் உண்டு. அவற்றால் நோய் வராது, நாற்றம்தான் வரும்.

"உங்க போர் பம்புல எவனோ அழுகின முட்டைக் கடை வெச்சிக்கிறான் மேடம்" என்று பம்பு போட்ட புதிதில் தேசம்மா கேலி செய்தபோது அக்காவும் சேர்ந்து சிரித்தார். பிறகு வீடு வீடாக நுழைந்து பார்த்தார். எல்லாக் குடங்களும் இறுக மூடியிருந்தன. திரும்பும் படகில் தலையில் கைவைத்துக்கொண்டார். "மூடி வைக்கச் சொன்னதே நாமதானே! நாத்தம் எந்த வழியா போவும்?"

மறுவாரம் பம்புத் தண்ணீரை அகலப் பாத்திரத்தில் ஊற்றி, மெல்லிய துணி கட்டி வைத்துக் காட்டினார். மாலைக்குள் நாற்றம் போயிருந்தது. சிலர் நம்பினார்கள். ஒரு பெரியவர் அக்காவின் மனம் நோகக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிக்கப்போனார். அக்கா தம்ளரை வாங்கிக்கொண்டார். "என் முகத்துக்காக ஒரு வாய்கூட குடிக்காதீங்க. நம்பிக்கை வந்தா குடிங்க." அவரோடு வேலை செய்த உங்களுக்கு இந்தப் பிடிவாதம் தெரியும்.

அதனால்தான் அவர் இறந்ததை அன்று சொல்லவில்லை. பம்பை வைத்திருப்பதா, எடுத்துவிடுவதா என்று அன்று ஊர் கூடி முடிவு செய்ய இருந்தது. அக்கா பேச வேண்டிய இடத்தில் நான் நின்று பேசினேன். எடுத்துவிடலாம் என்றார்கள். மாலையில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். அதற்குள் அக்காவின் உடலை எடுத்துப் போயிருந்தார்கள்.

அடுத்த முறை போனபோது சொன்னேன். தேசம்மா மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அன்னிக்கே சொல்லிருந்தா அவங்களுக்காகவாவது பம்ப உட்டு வெச்சிருப்போமே, பாப்பா."

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்திருப்பது, தம்ளரை வாங்கியபடி அவர் சொன்ன அந்தப் பேச்சைத்தான். அதை வைத்திருப்பது எளிதாக இல்லை.

பம்பைக் கழற்றிவிட்டார்கள். குப்பம் இப்போது ஊற்று நீரைத்தான் குடிக்கிறது. சில வீடுகளில் காய்ச்சுகிறார்கள்.