தவிட்டுக்கு வாங்கிய குருவி

இரண்டு கைகள் இலவம்பஞ்சைப் பிரித்துப் பிரித்துக் கொட்டையைத் தேடின. காற்றாடியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டுச் செய்கிற வேலை. இல்லாவிட்டால் பஞ்சு கூரைக்கு ஏறிவிடும். கடைக்குப் போகிற தலையணையில் ஒன்றிரண்டு கொட்டை கிடந்தால் யாரும் கேட்பதில்லை. இது படுத்த படுக்கையாகக் கிடக்கிறவளின் குதிகாலுக்குக் கீழே வைப்பது. ஒரு கொட்டை உறுத்தினாலும் புண்ணாகிவிடும்.

போடியில் தலையணை தைக்கும் மகாராணியை, அவள் அம்மா பேச்சியம்மாள் அந்தப் பெயரால் கூப்பிட்டதே இல்லை. "ஏ தவிட்டுக்குருவி!" என்றுதான் கூப்பிடுவாள். மூன்றாம் வகுப்பில் டீச்சர், அந்தக் குருவி தவிட்டு நிறத்தில் இருப்பதால் அந்தப் பேர் வந்தது என்றார். மகாராணி வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள்.

"நெறமாவது ஒண்ணாவது. ஒன்னயத் தவிட்டுக்கு வாங்குனேன்டி. அதான் தவிட்டுக்குருவி" என்று அம்மா சிரித்தாள்.

"அப்ப அண்ணன?"

"அவன தவிட்டுக்குக்கூட எவனும் தர மாட்டான். அதான் நானே பெத்துக்கிட்டேன்."

தவிட்டுக்கு வாங்கியதாகச் சொல்லிச் சீண்டப்படாத பிள்ளை அந்தப் பக்கத்தில் ஏது? மகாராணியும் தன் பிள்ளைகளிடம் அதையே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

சித்திரையில் வழுக்கி விழுந்த பேச்சியம்மாள், ராசிங்காபுரத்தில் மகன் வீட்டில் கிடையானாள். நினைவும் தப்பத் தொடங்கியது. ஒரு நாள் மகாராணி கஞ்சியோடு உள்ளே நுழைந்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறினாள்.

"எதுக்குடி எறங்கி வந்த? தவிட்ட வாங்கிட்டுத்தான போன? புள்ளையத் தர மாட்டேன். மலைக்கே போயிரு!"

கஞ்சி தரையில் கொட்டியது. அண்ணன் அருள்பாண்டி அவளை வெளியே கூட்டிவந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்.

"மேல ஏலத்தோட்டத்துல வேலை பாத்த பொம்பள. புருசன் செத்துப்போயி, கைப்புள்ளையோட ஜீப்புல எறங்கி வந்தா. சும்மா வாங்குனா புள்ள நெலைக்காதுன்னு ஆத்தா ஒரு படி தவிட்ட அளந்து அவ முந்தியில போட்டுச்சு. நான் பாத்துக்கிட்டுத்தான் நின்னேன்."

"ஊரே சொல்ற கேலிதானண்ணே அது?"

"கேலியாச் சொன்னா நீ நம்ப மாட்டேன்னுதான் ஆத்தா தெனமும் சொல்லுச்சு."

"அவ எப்பிடி இருப்பா?"

அருள்பாண்டி அப்போதுதான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

அதற்குப் பிறகு மகாராணி அந்த முகம் தெரியாதபடி முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தாள். அண்ணன் மனைவிக்குப் பின்னால் மறைந்து நின்றும் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் அம்மா நடுங்கினாள், மூச்சு இழுத்தது, கஞ்சி இறங்காமல் கிடந்தாள். தேற மாட்டாள் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்றிருந்தது மகாராணிக்கு. ஆனால் பிள்ளையை விட மாட்டேன் என்றல்லவா அம்மா பிள்ளையையே விரட்டுகிறாள்!

தலையணையின் வாயைத் தைத்து, நூலைக் கடித்து, உள்ளங்கையால் நான்கு மூலையும் அழுத்திப் பார்த்தாள். எங்கேயும் உறுத்தவில்லை. பஸ் ஏறி ராசிங்காபுரம் போனாள். வாசலில் செருப்பைக் கழற்றவில்லை.

அண்ணன் மனைவி சூர்யகலா வெளியே வந்தாள். "சன்னல் வழியாவாவது ஒரு எட்டு பாத்துட்டுப் போ மகாராணி."

"போன தடவை சன்னல்ல பாத்ததுக்கே ராப்பூராம் ஒறங்கலன்னு சொன்னீங்களே மதினி. வேணாம்."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "யாரு? அவளா வந்திருக்கா?"

"யாரும் இல்லத்தே" என்றாள் சூர்யகலா.

"என் குருவி எங்க? புள்ளைய உள்ள கூட்டிக் கதவச் சாத்து. வெரசா!"

மகாராணி இரண்டு கைகளாலும் தலையணையை நீட்டினாள்.

"தையல் கீழ்ப்பக்கமா இருக்கணும் மதினி" என்று, குரல் உள்ளே எட்டாதபடி சொல்லிக் கொடுத்தாள்.