கடைசிச் சுற்றை நிறுத்தியவர்

சனிக்கிழமை மாலைகளில் ஹெட்செட்டை மாட்டுவதற்கு முன்னால் அக்கா இரண்டு கைகளிலிருந்தும் கண்ணாடி வளையல்களைக் கழற்றி, கணினித் திரைக்குப் பின்னால் வைத்துவிடுவார். ஒருமுறை அந்த வளையல்கள் மேசையில் பட்ட சத்தம் மைக் வழியாகக் கடல் கடந்து போய், அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பொறியாளர் காரில் ஏதோ உடைந்துவிட்டது என்று பதறிவிட்டாராம். அதிலிருந்து வந்த வழக்கம் இது. மாதாப்பூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. வார நாட்களில் நிற்க இடமிருக்காத அந்தத் தளத்தில், சனிக்கிழமை எங்கள் மூலையில் மட்டும் விளக்கு எரியும். ஜன்னலுக்கு வெளியே பாறைகளை உடைத்துப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த கட்டடங்களும், அவற்றின் மேல் அசையாமல் நிற்கும் கிரேன்களும் தெரியும்.

அவர் எங்கள் குழுவின் தலைவர். அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். குழுவில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும். மதுரையிலிருந்து வேலைக்கு வந்த எனக்கு முதல் வாரத்திலேயே ‘அக்கா’ என்று வாயில் வந்துவிட்டது, அவரும் மறுக்கவில்லை. அதே ஊரின் மெட்டுகுடா ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர். அரக்கோணம் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து தங்கிவிட்ட குடும்பம். அவருடைய தமிழில் அந்த ஊர்ப் பேச்சின் ‘ஹவ்’வும் ‘நக்கோ’வும் தாமாக வந்து விழும். முதலில் என்னைக் கேலி செய்கிறாரோ என்று நினைத்தேன். ‘ஆமாம்’, ‘வேண்டாம்’ என்பதற்கு அவர் வீட்டில் அதுதான் சொல் என்று பிறகு புரிந்தது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இருந்ததாகத் தெரியவில்லை. ரயிலில் வந்து இறங்கி, ஷேர் ஆட்டோவில் அலுவலகம் வருவார்.

ஐரோப்பாவிலிருந்த ஒரு கார்ப்பந்தய அணிக்கு எங்கள் நிறுவனம் வேலை செய்தது. உலகின் மிக உயர்ந்த மட்டத்துப் பந்தயம் அது. அந்தக் கார்களின் உடம்பு முழுக்க சென்சார்கள் இருக்கும். டயரின் சூடு, பிரேக்கின் சூடு, ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் விழும் பாரம் என்று எல்லாம் எண்களாக மாறி, கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணிக்கு வந்து சேரும். அதில் ஒரு பகுதி, சில விநாடிகள் தாமதித்து, எங்கள் திரைக்கும் வரும். எங்களுக்குக் கொடுத்திருந்த வேலை அந்த ஏணியின் அடிப்படி. சென்சார் சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதிர்விலும் வெப்பத்திலும் சென்சார்கள் அடிக்கடி கெட்டுப்போகும். கெட்டதை ‘நம்ப வேண்டாம்’ என்று நாங்கள் குறித்துவிட்டால், தடத்தில் இருக்கும் பொறியாளர்கள் அதைப் பார்த்துக் குழம்ப மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தைவிடச் சனிக்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றுதான் எங்களுக்குக் கடினமானது. யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று முடிவாவது அதில்தான். மூன்று கட்டங்கள் உண்டு. முதல் இரண்டிலும் மெதுவானவர்கள் கழிந்துபோக, மீதிப் பத்துப் பேர் கடைசிக் கட்டத்தில் முன்வரிசைக்காக ஓட்டுவார்கள். எரிபொருளைக் குறைத்து, மிருதுவான புது டயர்களை மாட்டி அனுப்புவார்கள். அந்த டயர்களின் பிடிப்பு ஒரு சுற்றுக்குத்தான் முழுமையாக இருக்கும். முதலில் டயரைச் சூடாக்க ஒரு சுற்று, பிறகு உயிரைக் கொடுத்து ஓட்டும் ஒரு சுற்று, பிறகு திரும்பி வர ஒன்று. கார்கள் ஓட ஓடத் தடத்தில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடும் என்பதால், எல்லோரும் தங்கள் நல்ல சுற்றைக் கடைசி நிமிடங்களுக்கு வைத்துக்கொள்வார்கள். நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கும்போது, ஓட்டுநரின் உடல் அதன் எடையைப் போலப் பல மடங்கு பாரத்தோடு வார்ப்பட்டையில் போய் அழுந்தும். அந்த நிலையில் அவர் காரைத் தன் முதுகாலும் இடுப்பாலும் உணர்ந்து ஓட்டுகிறார் என்பார்கள். நாங்கள் எண்களால் மட்டுமே அந்தக் காரை அறிந்திருந்தோம்.

நான் சொல்ல வந்த சனிக்கிழமையில் எங்கள் ஓட்டுநர் கடைசிக் கட்டத்தின் முதல் முயற்சியில் இரண்டாவது இடத்தில் இருந்தார். அந்த அணிக்கு அந்த ஆண்டில் அதுவரை கிடைக்காத இடம். இரண்டாவது முயற்சிக்கு வெளியே வந்து டயரைச் சூடாக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இங்க பாரு. முன்னாடி லெஃப்ட் புஷ்ராட்.”

சக்கரத்தின் பாரத்தைக் காரின் உடலுக்குக் கடத்தும் தண்டு அது. கார்பன் இழையில் செய்தது. அதன் மீது விழும் பாரத்தைக் காட்டும் எண், இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

“சென்சார் போயிருக்கும்கா. காலைலகூட வலது பக்கம் ஒண்ணு போச்சுல்ல?”

“நக்கோ, அப்டி சொல்லாத. கெட்டுப்போன சென்சார் இப்டி பண்ணாது. ஒண்ணு செத்து கிடக்கும், இல்லன்னா எப்ப பாத்தாலும் பொய் சொல்லும். இது பிரேக் போட்டா மட்டும் ஏறுது, விட்டா ஒழுங்கா பழைய இடத்துக்கு வருது. போன ரவுண்டவிட இப்ப ஜாஸ்தி ஏறுது, பாரு.”

அதற்குள் அந்தப் பக்கத்துப் பொறியாளரின் குரல் கேட்டது. அவரும் அதைப் பார்த்துவிட்டார். சென்சாரா, தண்டா என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஓட்டுநரிடம் வானொலியில் வேறொருவர் விசாரிப்பதும் எங்களுக்குக் கேட்டது. கார் பிரமாதமாக இருக்கிறது, எந்தக் குறையும் இல்லை என்று ஓட்டுநர் பதில் சொன்னார். அவர் குரலில் சந்தோஷம் இருந்தது. இன்னும் சில திருப்பங்களில் அந்த முக்கியமான சுற்று தொடங்கப்போகிறது.

சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஓட்டுநரின் வார்த்தையும் அதற்குத் துணை நின்றது. தண்டு நிஜமாகவே உள்ளுக்குள் இழை இழையாகப் பிரிந்துகொண்டிருந்தால், அது உடையப்போகிற இடம் நேர்ப்பாதையின் முடிவு. உச்ச வேகத்தில் பிரேக்கை மிதிக்கும் அந்த இடம். அக்கா ஒருமுறை வலதுபக்கத் தண்டின் எண்ணைப் பார்த்தார். பிறகு பேசும் பொத்தானை அழுத்தி, சாதாரணக் குரலில், “சென்சார் நன்றாக இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் சொன்னார். அப்படியானால் கெட்டது தண்டுதான் என்பது, கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் புரிந்தது. பிறகு, உள்ளே வரும்படி ஓட்டுநருக்கு உத்தரவு போனது. அவர் ஏன் என்று கேட்டார், இன்னொரு முறை கேட்டார், மூன்றாவதாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். ஆனால் வந்துவிட்டார். மற்றவர்கள் தங்கள் கடைசிச் சுற்றை முடிக்க முடிக்க அவர் பெயர் திரையில் ஒவ்வொரு படியாக இறங்கி எட்டாவது இடத்தில் நின்றது.

தண்டை மாற்றினார்கள். மறுநாள் நடுக்கூட்டத்திலிருந்து புறப்பட்டவரை முதல் திருப்பத்திலேயே பக்கத்துக் கார் ஒன்று இடித்துத் தள்ளியது. பந்தயம் அத்தோடு முடிந்தது. முன்வரிசையிலிருந்து புறப்பட்டிருந்தால் அந்த நெரிசலில் அவர் இருந்திருக்கவே மாட்டார்.

கழற்றிய தண்டை அணியின் தொழிற்சாலையில் அறுத்துப் பார்த்ததாக அடுத்த வாரம் செய்தி வந்தது. தண்டில் ஒரு குறையும் இல்லை. அதன் மேல் சென்சாரை ஒட்டியிருந்த பசை ஒரு ஓரத்தில் வெப்பத்தால் பெயர்ந்திருந்தது. பாரம் விழும்போது மட்டும் அந்த ஓரம் விலகி, இல்லாத ஒன்றைக் காட்டியிருக்கிறது. பொய் சொன்னது சென்சார்தான்.

மேலாளர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். விஜயவாடாக்காரர், நல்ல மனிதர். அணிக்கு அனுப்பும் விளக்கத்தில், எங்களுக்குத் தரவு தாமதமாகவும் விட்டுவிட்டும் வந்தது என்று எழுதிவிடலாம், அந்தப் பக்கமும் அதைப் பெரிதாகக் கிளற மாட்டார்கள் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னார்.

அக்கா தெலுங்கில் பதில் சொன்னார். தரவு ஒழுங்காக வந்தது, நான்தான் தவறாகப் படித்தேன் என்றார். மேலாளர், “எந்துகு மேடம்?” என்று, எதற்கு இந்த வம்பு என்பதுபோல், கேட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் நான் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

“அவரே வழி சொல்றாரு. கேட்டா என்னக்கா?”

“கைக்கு? எதுக்குக் கேக்கணும்? தப்பு என்னுது, அத ஒத்துக்குறேன். டேட்டா மேல போட்டா, அடுத்த வாட்டி நிஜமாவே டேட்டா விட்டு விட்டு வந்தா எவன் நம்புவான்?” கொஞ்சம் நடந்துவிட்டு, “ஆனா அதே நம்பர் மறுபடி வந்தா அதேதான் சொல்வேன்” என்றார்.

அந்தப் பருவம் முடிந்ததும் நேரடிக் கண்காணிப்பு வேலையை அணி தன்னிடமே எடுத்துக்கொண்டது. அந்த ஒரு சனிக்கிழமைதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை, காரணம் இல்லை என்றும் சொல்லவில்லை. நான் வரைபட வேலைக்கு மாறினேன். அக்காவை ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மென்பொருளுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பிடித்ததா என்று தெரியாது. கேட்டால், “சனிக்கிழமை லீவு கிடைக்குதுல்ல” என்பார். வளையல்களை இப்போது கழற்றுவதில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு இந்தியாவுக்கும் அந்தப் பந்தயம் வந்தது. டெல்லிக்கு அருகே புதிதாகத் தடம் போட்டிருந்தார்கள். அணி எங்கள் அலுவலகத்துக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் அனுப்பியது. ஒன்று அக்காவின் பெயருக்கே வந்திருந்தது, இன்னொன்றை மேலாளர் எனக்குத் தந்தார். தகுதிச் சுற்று முடிந்த மாலையில் எங்களை அணியின் கார்க் கொட்டகைக்குப் பின்னால் நிற்கச் சொன்னார்கள். ஓட்டுநர் வந்தார். தொலைக்காட்சியில் தெரிவதைவிடக் குள்ளமாக இருந்தார். கழுத்து மட்டும் தடித்திருந்தது. அன்று தன்னை நிறுத்தியது அக்காதானா என்று கேட்டார். அக்கா தலையசைத்தார்.

“எவ்வளவு நிச்சயமாக இருந்தீர்கள்?”

“பாதிகூட இல்லை.”

“பிறகு ஏன்?”

“அது உடையாது என்றும் எனக்குத் தெரியாது. உள்ளே நீங்கள் இருந்தீர்கள்.”

அந்த இரண்டாவது இடம் தனக்கு ரொம்பவும் பிடித்திருந்தது என்று அவர் சொன்னார். மன்னித்ததாகவோ நன்றி என்றோ சொல்லவில்லை. உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டு, தாங்கிகளின் மேல் நிறுத்தியிருந்த காரின் முன்பக்கத்துக்கு அழைத்துப் போனார். இடது சக்கரத்திலிருந்து சாய்வாக ஏறும் ஒரு கறுப்புத் தண்டைக் காட்டினார். அக்கா அனுமதி கேட்டுவிட்டு அதை இரண்டு விரல்களால் தொட்டார். எத்தனையோ வாரங்கள் அதன் பாரத்தைத் திரையில் பார்த்தவர், அந்தப் பொருளைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் தகுதிச் சுற்றைத் தொலைக்காட்சியில் பார்ப்பதுண்டு. ஓட்டுநரின் தலையைக் காக்க இன்று ஒரு கனத்த வளையம் வைத்திருக்கிறார்கள், அன்றைய கார்களில் அது இல்லை. யாராவது நல்ல சுற்றைக் கைவிட்டு உள்ளே வரும்போது வர்ணனையாளர்கள் ஆயிரம் காரணம் ஊகிப்பார்கள். எங்கோ ஒரு அறையில் யாரோ ஒருவர் பொத்தானை அழுத்தியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

டெல்லியிலிருந்து திரும்பிய விமானத்தில் அக்கா நெடுநேரம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

“இவ்ளோ ஒல்லியா இருக்கும்னு நெனக்கவே இல்ல பா” என்றார். “அன்னிக்கே தெரிஞ்சிருந்தா இன்னும் சீக்கிரமா நிறுத்தச் சொல்லியிருப்பேன்.”