அருள்புரத்தில் பார்த்த ஓவன்

அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நாலு தகரத் துண்டுகள். கம்பியில் மாட்டி, ஒன்றோடு ஒன்று படாமல் தொங்கவிட்டிருந்தார் என் வீட்டுக்காரர். மேலே கருப்புப் பவுடர் அடித்தது. இன்னும் சுடாத பவுடர்; ஓவனில் சுட்டால்தான் உருகிப் பெயிண்டாக ஒட்டும். விரல் பட்டால் போதும், கோலமாவு மாதிரி உதிர்ந்துவிடும். ஸ்பீடு பிரேக்கர் வரும்போதெல்லாம் பெட்டியை மடியிலிருந்து தூக்கிப் பிடித்தேன்.

"ஆடுதா?" என்று கேட்டார்.

"நீங்க ரோட்டப் பாருங்க."

அஞ்சாவதாக ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றி ஓரமாக வைத்திருந்தோம். அது சுட்டது. அதே பவுடர், அதே ஸ்ப்ரே கன். அவர் வேலை பார்த்த பவுடர் கோட்டிங் கடை ஓவனில் வைத்து எடுத்தது. முகம் தெரிகிற அளவுக்கு வழவழப்பாக வந்திருந்தது.

அந்தக் கடையிலிருந்து அவர் நின்றாகிவிட்டது. சொந்தமாக ஷெட் பிடித்தோம். பவுடர் அடிக்க பூத் கட்டினோம். கன் வந்தது, கம்ப்ரசர் வந்தது, கரண்டும் வந்தது. ஓவன் மட்டும் இல்லை. புதுசு நமக்கு ஆகாது. தையல் மிஷினுக்கு ஸ்டாண்டு செய்கிற ஒருத்தர், திங்கட்கிழமை ஓவன் ஓடினால் என் லோடு பூரா உங்களுக்கு என்று சொல்லியிருந்தார். ஓடாவிட்டால் வேற கடைக்குப் போய்விடும். அவரைத் தவிர வேலை தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்குச் சனிக்கிழமை.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். பெட்டி பிடிக்க ஆள் வேணும் என்றுதான் கூட்டிப் போனார்.

அருள்புரத்தில் அது ஒரு பிரிண்டிங் யூனிட். டீசர்ட்டுக்குப் படம் அடிக்கிற இடம். மூடுகிறார்கள். டேபிளெல்லாம் போய்விட்டது. நடுவில் ஓவன் மட்டும் நின்றது. ரெண்டு கதவு, உள்ளே தள்ளுகிற ட்ராலி, தலைக்கு மேலே ப்ளோயர். வாசலில் ஒரு குட்டியானை வண்டி. அதில் சாய்ந்துகொண்டு பழைய இரும்புக்காரர் ஒருத்தர் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க," என்றார் பிரிண்டிங்காரர். பெரியவர், நல்ல மனுசர். "அம்மிணியும் வந்திருக்கீங்க, சந்தோசம். நல்லாப் பாத்துக்கோங்க. ஓடுற பொட்டியை உடைச்சு எடைக்குப் போட எனக்கு மனசில்லீங்க. ஆனா சாயங்காலம் இடத்தைக் காலி பண்ணிச் சாவி குடுக்கோணும். நீங்க வேண்டாமுன்னா அவர் ஏத்திக்குவாரு."

வீட்டுக்காரர் நேரே ஓவனுக்குப் போனார். கதவைத் திறந்து மூடினார். சூடு வெளியேறாமல் கதவோரத்தில் வைத்திருந்த கயிறை நகத்தால் அழுத்திப் பார்த்தார். உள்ளே போய்ப் பக்கத் தகரத்தைத் தட்டினார். ப்ளோயரைப் போட்டுவிட்டு நாலு மூலையிலும் கை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார். பிறகு ஹீட்டர் போட்டார். கொண்டுபோன தெர்மாமீட்டரும் ஓவன் மீட்டரும் ஒரே மாதிரி ஏறின. இருநூறு டிகிரியைத் தொட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அந்த முகத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

"இது நமக்குத்தான்," என்றார்.

"துண்டு வைக்கலியா?"

"வைக்கணும்லா."

ரெண்டு துண்டுகளை மட்டும் எடுத்தார். ஒன்று மேலே, ஒன்று கீழே. கதவைச் சாத்தினார். ஷெட்டுக்குள் ஏற்கனவே வெக்கை. யாரும் உட்காரவில்லை.

இரும்புக்காரர் உள்ளே வந்தார். "ஏனுங்க, பொட்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா? இத்தனை நேரமாங்க?"

"பொண்ணுன்னாக் கூட இந்நேரம் தாம்பூலம் மாத்தியிருப்பாங்க," என்றார் பிரிண்டிங்காரர்.

"எனக்குப் பிரச்சனை இல்லீங்க. கருகினாலும் எடை குறையாது."

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டுகளை எடுத்து ஆறவிட்டார். தூரத்தில் இருந்து பார்க்க நல்ல பளபளப்பு. "பாத்தியா?" என்றார். நான் வாங்கி வாசல் வெளிச்சத்துக்குப் போனேன். பனியனில் ஓட்டை தேடுகிறவள் துணியை நேராகப் பார்க்கமாட்டாள். சாய்த்துத்தான் பார்ப்பாள். சாய்த்தேன். கருப்பில் குண்டூசி குத்தினது மாதிரி குழிகள். கையால் தடவினேன். தெரிந்தது. இன்னொன்றிலும் இருந்தது. காகிதத்தைப் பிரித்து அஞ்சாவது துண்டைப் பக்கத்தில் பிடித்தேன். அதில் ஒன்றுகூட இல்லை.

"இங்க பாருங்க."

அவர் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க பவுடர் கோளாறா இருக்குமுங்க," என்றார் பிரிண்டிங்காரர்.

அவரிடம் பழைய கடையில் சுட்ட துண்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"அண்ணே, இதுல என்ன பிரிண்ட் போட்டீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார். குரல் சன்னமாக வந்தது. பதில் தெரிந்துதான் கேட்கிறார் என்று எனக்குப் பட்டது.

"முதல்ல ரப்பர் பிரிண்டுங்க. அப்புறம் பூரா ஜெர்சி ஆர்டருங்க. சிலிக்கான் பிரிண்டு. இழுத்தாலும் வெடிக்காது. இந்த லைன்லயே என்ற பிரிண்டைத்தான் கேப்பாங்க."

பெருமையாகத்தான் சொன்னார். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் பழைய கடையில் இருக்கும்போது ஒருநாள் வந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. கைத்துண்டில் சிலிக்கான் ஸ்ப்ரே பட்டதோடு யாரோ உள்ளே வந்துவிட்டானாம். அடித்த சரக்கெல்லாம் குழி விழுந்ததாம். என்ன என்று கண்டுபிடிக்கவே நாளாகி, கடைசியில் பூத்திலிருந்து கொக்கி வரைக்கும் கழுவினார்களாம். அது ஒரு கைத்துண்டு. இது வருஷக்கணக்காக அதையே சுட்ட பெட்டி.

"எரிச்சு விட்டாப் போயிரும்," என்றார்.

"போவுமா?"

என்னைப் பார்க்காமல் பிரிண்டிங்காரரிடம் கேட்டார். முழுச் சூட்டில் வெறும் ஓவனைக் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமா என்று. ஓட்டுங்க என்றார் அவர். இரும்புக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், வெளியே போனார். மீட்டர் ஏறிக்கொண்டே போனது. மேலே இருந்த ஓட்டை வழியாகப் புகை வந்தது. வீட்டுக்காரர் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெளியே போகிற புகை ஒவ்வொன்றும் நமக்கு லாபம் என்கிற மாதிரி.

பிரிண்டிங்காரர் டீ வாங்கி வரச் சொன்னார். நான் குடித்தேன். வீட்டுக்காரர் டம்ளரைக் கையில் பிடித்தபடியே ஆறவைத்தார்.

சூடு இறங்கியதும் மிச்சம் இருந்த ரெண்டு துண்டுகளை மாட்டினார். இனி பெட்டியில் ஒன்றும் இல்லை. இந்தத் தடவை இரும்புக்காரரும் பேசாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

எடுத்தார். ஆறும்வரைக்கும் பொறுக்காமல் துணியில் பிடித்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மேல் துண்டு சுத்தம். நானும் பார்த்தேன், சுத்தம்தான். கீழ்த் துண்டில் ரெண்டு குழி. ஓரத்தில்.

"ரெண்டுதான்," என்றார். "ஓரம். ஸ்டாண்டுல அடிப்பக்கம் யாரு பாக்கா?"

நான் அந்த ஓரத்தையே இன்னொரு தடவை பார்த்தேன்.

"இன்னும் ரெண்டு தடவை எரிச்சா அதுவும் போயிரும். கழுவிக்கிடலாம். என்ன சொல்லுத?"

பிரிண்டிங்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கு விற்கவேண்டும்தான். ஆனாலும் வாங்கிக்கோங்க என்று அவர் வாயிலிருந்து வரவில்லை.

செக்கிங்கில் ஒரு பழக்கம் உண்டு. ஓட்டை சின்னதா பெரிசா என்று கேட்கமாட்டார்கள். ஓட்டை இருக்கா இல்லையா, அவ்வளவுதான். விட்டு அனுப்பினால் அந்த ஒரு பீஸ் திரும்பி வராது. லாட்டே வரும். ஸ்டாண்டுக்காரரிடம் முதல் லோடே திரும்பி வந்தால் ரெண்டாவது லோடு கிடையாது. எங்களுக்கு இருந்தது அவர் ஒருத்தர்தான். இல்லை என்று சொன்னால் திங்கட்கிழமை போகிறது. சரி என்று சொன்னால் என்ன போகும் என்று சொல்லத் தெரியவில்லை.

"நீ சொல்லு," என்றார் மறுபடியும். "நீ சரின்னா ஏத்திருவோம்."

என் தலையில் வைத்துவிட்டார். கோபம் வந்தது. காட்டவில்லை.

"வேண்டாம்," என்றேன்.

அவர் போய் ஸ்விட்சை அணைத்தார். பிரிண்டிங்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கண்ணே, உங்க கரண்டெல்லாம் போச்சு."

"அட, அதுக்கென்னங்க. வாங்கிட்டுப் போயி நீங்க என்னை ஏசாம இருந்தீங்களே, அது போதுமுங்க."

நாங்கள் வண்டி எடுக்கும்போதே இரும்புக்காரரின் ஆட்கள் கட்டர் கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் கதவைத்தான் எடுத்தார்கள்.

வீட்டுக்குப் போகிற திருப்பத்தில் வீட்டுக்காரர் திரும்பாமல் நேரே விட்டார். ஸ்டாண்டுக்காரர் பட்டறை முன்னால் நிறுத்தினார். "இரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கேட்டுக்கு வெளியே நின்றேன். பெயிண்டு காணாத ஸ்டாண்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நமக்கு என்று வைத்தது. சில இடத்தில் துரு கண்டிருந்தது. உள்ளே பேச்சுச் சத்தம் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அந்த மனுசர் கத்துகிற ஆளாக இருந்தால் தேவலாம்.

திரும்பி வந்து வண்டியில் கை வைத்து நின்றார்.

"என்ன சொன்னாவ?"

"இந்த லோடு வேற கடைக்குப் போவுது. அவருக்கும் டெலிவரி இருக்குல்லா." கையிலிருந்த துண்டைத் திருப்பினார். "குழி விழுந்த துண்டைக் காட்டுனேன். இதனாலதான் வாங்கலன்னு சொன்னேன். பாத்தாரு. ஓவன் வந்ததும் வா, பாதி தாரேன்னாரு. பூரா இல்ல. பாதி."

"எப்ப வரைக்கும்?"

"அதை அவரு சொல்லல. நானும் கேக்கல."

பாதி என்றால் நான் கம்பெனியை விட்டு நிற்க முடியாது. ரெண்டு பேரும் அதைச் சொல்லவில்லை.

வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைப் போட்டவர், அப்படியே இருந்தார். "குன்னத்தூர்ல ஒரு பேக்கரி ஓவன் கெடக்காம். கரண்டு ஓவன்தான். ஹீட்டர் காயில் ஒண்ணு போயிருக்காம், கதவும் சரியா அடையாதாம். அன்னைக்கே சொன்னாவ, நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"அதுல என்ன சுட்டாவளாம்?"

"பன்னு. வர்க்கி."

"வேற?"

"வேற என்னத்தச் சுடுவாவ?"

"கேட்டீங்களா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, கேட்க ஆரம்பித்தார்.