ஒரே நாளில் இரண்டு இடத்தில் இருந்தவன்

தமிழரசிக்கு ஒரு பைலட்டோடு தொடுப்பாம், அதனால் வேலையை விட்டு விரட்டினார்களாம்! யார் சொன்னது, மீன் விற்கும் அஞ்சுகமா? அவள் மீனைப் போலவே அவள் பேச்சையும் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

பட்டினத்து மீனவர் வைத்திலிங்கம் மகள் தமிழரசிக்குச் சென்னையில் விமானக் கம்பெனியில் வேலை. எந்த பைலட் என்றைக்கு எந்த விமானத்தை ஓட்டுவது என்று பட்டியல் போடுவாள். கம்பெனியில் விமானம் பெருகியது, ஆள் பெருகவில்லை. நாலு மணி நேரம் தூங்கியவனுக்கும், “எட்டுன்னு போடும்மா” என்பார் மேலாளர் அம்பலவாணன். ராத்திரி முழுக்க வலை இழுத்தவன் கையில் அவள் அப்பா சுக்கானைக் கொடுக்கமாட்டார். முகத்துவாரத்து மணல்திட்டில் கண் அசந்தால் போட் கவிழ்ந்துவிடும். அது தெரிந்தும் எட்டு என்றுதான் எழுதினாள். அதை மறைக்க வேண்டாம்.

அந்த வருஷம் மழையில் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் உடைந்தது. பதினோரு உயிர். செத்துப்போன பைலட்டின் தவறு என்றது கம்பெனி. அவர் பக்கத்தில் இருந்த இளம் துணை பைலட் முழுப் பயிற்சி முடித்தவன் என்று காகிதமும் காட்டியது. பயிற்சித் தேதியைப் பார்த்தவள் திடுக்கிட்டாள். அன்றைக்கு அவனைக் கோயம்புத்தூர் விமானத்தில் போட்டதே இவள்தான்! பழைய பட்டியலை எடுத்துக்கொண்டு லீவில் ஊருக்கு வந்துவிட்டாள்.

நாலாம் நாள் அம்பலவாணன் காரில் வந்து இறங்கினார், கை நிறைய ஆப்பிளோடு.

“இங்க யாருக்கும் உடம்பு சரியில்லாம இல்லீங்களே, இம்புட்டுப் பழம் எதுக்கு?” என்றாள் அம்மா குஞ்சம்மாள்.

“சும்மாதாங்க. தமிழு, பட்டியலெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா.”

அவள் போடவில்லை. திரும்பும்போது அவர் கார் அஞ்சுகத்தின் மீன்கூடைப் பக்கம் அரைமணி நேரம் நின்றது. மீன் வாங்கவில்லை. மறுநாள்தான் ஊரில் இந்தப் பேச்சு கிளம்பியது. இப்போது புரிகிறதா?

விபத்து விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று அவள் சொன்னதும் வைத்திலிங்கம் கேட்டார்: “பொய்யா எழுதினவ நீயும்தானே? உன்னையும் புடிச்சு உள்ள போடுவாங்க.”

“போடட்டும்ப்பா. நீங்களா இருந்தா சுக்கானைக் குடுத்திருப்பீங்களா?”

அவர் எழுந்து உள்ளே போனார். கடலுக்குப் போகும்போது தன் அடையாள அட்டையை நனையாமல் சுற்றிவைக்கிற பிளாஸ்டிக் உறையை எடுத்து, அட்டையை வெளியே வைத்துவிட்டு, அவளிடம் நீட்டினார். பட்டியல் அதற்குள் போனது.

விடிந்ததும் கிளம்பினாள். வாசலைத் தாண்டியதுமே அஞ்சுகம், “எங்கடி, பைலட்டைப் பாக்கவா?” என்றாள்.

“அவரைத்தான் பொதைச்சாச்சே அத்தே,” என்றாள் தமிழரசி. “அவருக்காகப் பேசப் போறேன்.”

பையை மார்போடு அணைத்தபடி பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.