அந்தோணி அண்ணன் எந்தப் பங்கு?

மாதாகோயில் ஆபீஸ் கிளார்க் வேலை என்றால் ஆண்டவருக்குப் பக்கத்து நாற்காலி என்று நினைப்பவர்கள், ஒரு வாரம் எங்கள் ஃபைல் அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். எந்த ஆபீசில் ஃபைலைக் கட்டி மாரடித்தாலும் நீங்கள் என் இனம். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

வரைபடம் வந்தது

தோட்டத்துக்குத் தோட்டம் சிற்றாலயம் இருந்த காலத்தில், பினாங்கிலிருந்து சாமியார் மாதம் ஒருமுறை வந்து பூசை வைப்பாராம். தோட்டங்களை விற்று, சனம் கூலிம் ஃபேக்டரிகளுக்குப் போனபின், மறைமாவட்டம் சிற்றாலயங்களை மூடி, எந்த ஊர் எந்தக் கோயிலின் பங்கு என்ற எல்லைகளைத் திருத்தியது. மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்தில் மிஞ்சிய நாலு குடும்பமும் எங்கள் பங்கிலிருந்து பக்கத்துப் பங்குக்குப் போனது. அதில் ஒருவர் செபஸ்தியம்மா அக்கா. கணவர் அந்தோணி அண்ணன் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. நான் வரைபடத்தை விரித்து விளக்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "கோடு எங்க வேணா போகட்டும் தம்பி. மொத வெள்ளிக்கு அவருக்கு நன்மை கொண்டு வர்றது யாரு, அத சொல்லு."

அடித்த பெயர்

நோயாளிகள் பட்டியலில் பெயர் இருந்தால்தான் ஃபாதர் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, அக்கா நன்மை என்று சொன்ன நற்கருணை அப்பத்தோடு வீட்டுக்குப் போவார். அண்ணன் பெயரை எங்கள் பட்டியலிலிருந்து அடித்தேன். அடித்ததும் பக்கத்துப் பங்குக்குக் கடிதம் எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்றிருந்தேன். திருவிழா வந்தது, நோட்டீஸ் வேலை வந்தது, மறந்தே போனேன். நடுவில் அக்கா போன் செய்தபோதுகூட, "அந்தப் பங்கிலிருந்து வருவாங்கக்கா" என்று சொல்லி வைத்தேன். சொல்லவே கூசுகிறது. மூன்று மாதம் கழித்து அவர் மறுபடி கூப்பிட்ட பிறகுதான், பதறிப்போய் அங்கே போன் போட்டேன். அந்தக் கிளார்க் சொன்னார்: "உங்க கடுதாசி, சூராட் வந்தாத்தானே நாங்க பேர ஏத்துவோம், ஜோசியமா பாக்கிறோம் லா?"

ஒரு கட்டம்

அந்தப் பங்கு ஃபாதர் அன்று மாலையே காரை எடுத்தார். அண்ணன் மதியமே போய்விட்டிருந்தார். மூன்று முதல் வெள்ளியும் அக்கா அவருக்குச் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, மேசையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்திருக்கிறார்.

எங்கள் பங்கின் டவுன் கல்லறையில் அடக்கம் என்பதால் பதிவேடு என் மேசைக்கு வந்தது. 'இறுதி அருட்சாதனங்கள் பெற்றாரா' என்று, அதாவது சாகுமுன் ஃபாதர் வந்து நன்மை கொடுத்தாரா என்று, அதில் ஒரு கட்டம். பேனாவை வைத்துவிட்டு, கையெழுத்துப் போட வந்திருந்த அக்காவிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அக்கா அந்தக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். "இல்லன்னு எழுதாத தம்பி. காத்திருந்தாருன்னு எழுது."

இப்போதெல்லாம் எங்கள் ஆபீசில் ஒரு பெயரை அடிக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், நண்பர்களே. கடிதம் எழுத மறப்பதற்கு இன்னமும் ஒருவரே போதும்.