இறால் குளிர்சாலையில் ஒரு மாட்யூல் மாட்டியது

அந்த வருடம் முழுக்க எனக்குத் தூக்கம் பேருந்தில்தான். சிதம்பரத்தில் ஏறி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்தால் புதுச்சத்திரம் பக்கம் ஒரு முறை விழித்துப் பார்ப்பேன். பிறகு கடலூர் முதுநகரில் கண்டக்டர் சத்தம் போட்டு எழுப்புவார். மடியில் லேப்டாப் பை. ஸ்க்ரூடிரைவர்கள், மல்டிமீட்டர், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அதற்குள்தான். நாற்பத்தைந்து வயது தாண்டியதும் முதுகுவலித் தைலமும் அதில் சேர்ந்துகொண்டது.

தொழிற்சாலைகளில் இருக்கும் கன்ட்ரோலர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் வேலை. எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எந்த வால்வு எப்போது மூட வேண்டும் என்று முடிவெடுக்கிற சின்னக் கணினிதான் கன்ட்ரோலர். என் கணவர் திட்டக்குடியில் ஆசிரியர். சனிக்கிழமை வந்து திங்கள் விடியலில் கிளம்பிவிடுவார். அண்ணாமலை நகரில் மாணவர்கள் தங்கும் லாட்ஜுகளுக்கு நடுவே எங்கள் வாடகை வீடு. பரீட்சை முடிந்த நாட்களில் அவர்கள் போடும் கூச்சலில் தூங்க முடியாது. பரீட்சைக்கு முந்தின நாட்களில் அவர்கள் சத்தம் போட்டுப் படிப்பதால் தூங்க முடியாது.

அப்போது வந்ததுதான் முதுநகர் குளிர்சாலை வேலை. துறைமுகத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த இடம். இறாலை உறைய வைத்து, ஏற்றுமதிக்குப் போகும்வரை அங்கே வைத்திருப்பார்கள். அறைகளைக் குளிரில் வைப்பது அம்மோனியா கம்ப்ரஸர்கள். அவற்றை ஓட்டுவது ஒரு கன்ட்ரோலர். அந்தக் கன்ட்ரோலரோடு, தகவலை வெளியே அனுப்பும் ஒரு நெட்வொர்க் மாட்யூலைச் சேர்த்தால் அறைகளின் குளிர்நிலையை முதலாளி தன் போனிலேயே பார்க்கலாம். அதுதான் வேலை.

முதலாளி அறுபதை ஒட்டிய மனிதர், சதா பதற்றம். அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு முறை கம்ப்ரஸர் நின்றுபோய் யாரும் கவனிக்காமல் ஓர் அறை இறால் முழுக்கக் கெட்டிருக்கிறது. நான் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். "நாத்தம் தாங்க முடியலம்மா. ஊரே மூக்கப் புடிச்சிக்கிட்டுப் போச்சு. குழி வெட்டிப் பொதச்சோம்." பேசும்போது அவர் கை மூக்குக்கு அருகே போய் வந்தது.

கம்ப்ரஸர்களைப் பார்த்துக்கொள்ள அங்கே இருந்தது ஓர் எலக்ட்ரீஷியன்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். குறிஞ்சிப்பாடியிலிருந்து பைக்கில் வந்து போவார். நான் போன அன்று அவர் கண்கள் சிவந்திருந்தன. முந்தின இரவு மின்சாரம் போய் வந்ததில் கம்ப்ரஸர் நின்றுவிட்டதாம். வாட்ச்மேன் போன் செய்து, பாதித் தூக்கத்தில் கிளம்பி வந்தவர் திரும்பி வீட்டுக்குப் போகவே இல்லை.

முதல் தகராறு கரண்ட்டை நிறுத்துவதில் வந்தது.

"ஓடிக்கிட்டு இருக்கும்போதே மாட்டிட முடியாதாம்மா? சின்ன டப்பாதானே?" என்று முதலாளி கேட்டார்.

"முடியாது சார். இந்த மாடல்ல கரண்ட் இருக்கும்போது சொருகினா மாட்யூலும் போவும், கன்ட்ரோலரும் போவும். அப்புறம் உங்க கம்ப்ரஸர் ஓடவே ஓடாது."

"வேற எடத்துல எல்லாம் அப்பிடியே சொருகுறாங்கன்னு சொன்னாங்களே."

"சில மாடல்ல செய்யலாம். இதுல கூடாதுன்னு கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்."

அதைச் சொல்லும்போது எனக்கே என் குரல் அலுத்தது. எத்தனை இடங்களில் இதே பதில். கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் குளிர் அறையின் கதவருகே வெப்பமானிக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும் அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார்.

எலக்ட்ரீஷியன் கம்ப்ரஸர்களை முறைப்படி நிறுத்தி, வால்வுகளை மூடினார். மெயின் சுவிட்சை இறக்கி, அதில் என் பூட்டைப் போட்டுச் சாவியை என் சட்டைப் பையில் வைத்தேன். 'ஆள் வேலை செய்கிறார், போடாதீர்கள்' என்று ஓர் அட்டையும் தொங்கவிட்டேன். கன்ட்ரோலரின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அணைந்ததும் கையை விடக் கூடாது. உள்ளே தேங்கிய மின்சாரம் வடியக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரத்தில் கன்ட்ரோலர் இருந்த பேனல் பெட்டியில் சாய்ந்தபடி நான் நின்றுகொண்டே கண்ணை மூடியிருக்க வேண்டும். "மேடம்" என்று அவர் கூப்பிட்டபோது திடுக்கிட்டேன்.

மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். எல்லாக் கம்பிகளும் செத்திருந்தன, ஒன்றைத் தவிர. மாட்யூல் உட்கார வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, மஞ்சள் உறை போட்ட ஒரு கம்பியில் முழு மின்சாரம் இருந்தது.

"மெயின்தான் இறக்கியாச்சே மேடம்?" என்று அவர் குனிந்து பார்த்தார். தானும் ஒரு டெஸ்டரை வைத்துப் பார்த்தார். அதன் விளக்கு எரிந்தது. இருவரும் அந்தக் கம்பி போன வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பக்கத்து அறையில் இருந்த ஐஸ் இயந்திரத்தின் பேனலுக்குப் போனது. கம்ப்ரஸர் நின்றால் அங்கே ஒரு விளக்கு எரியட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் இழுத்துவிட்ட கம்பி. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

"இதுல நான் எத்தினியோ வாட்டி கைய வுட்டுருக்கேன்" என்றார். போய் அந்தப் பேனலையும் நிறுத்திவிட்டு வந்தார். இன்னொரு பூட்டு போட்டேன். மறுபடி பார்த்தேன். இப்போது எல்லாமே செத்திருந்தன.

அதன்பிறகு வேலை வேலையாகத்தான் இருந்தது. எர்த்தோடு இணைத்த பட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டேன். நம் உடம்பில் சேர்ந்திருக்கும் சின்ன மின்சாரம் நமக்கே தெரியாது. ஆனால் மாட்யூலைக் கொல்ல அது போதும். உறையைப் பிரித்து, பக்கவாட்டில் இருக்கும் திருகு சுவிட்சுகளில், நெட்வொர்க்கில் அந்த மாட்யூலுக்கு உரிய முகவரி எண்ணை வைத்தேன். பின்களைத் தொடாமல் ஓரத்தைப் பிடித்து, தண்டவாளம்போல் இருந்த பள்ளத்தில் வைத்து நேராகத் தள்ளினேன். கொஞ்சம் தடங்கியது. அழுத்தித் தள்ளலாம் என்று கை சொன்னது. இழுத்து வெளியே எடுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே ஒரு செத்த கரப்பான். எலக்ட்ரீஷியன் முதல்முறையாகச் சிரித்தார்.

நெட்வொர்க் கேபிளை மோட்டார் கம்பிகளோடு சேர்த்துக் கட்டாமல் தனிக் குழாயில் கொண்டுபோனோம். சேர்த்துக் கட்டினால் மோட்டார் கிளம்பும்போதெல்லாம் தகவல் குழம்பும். அலுவலகத்து வைஃபையோடு கன்ட்ரோலரை நேராகச் சேர்க்காமல் நடுவே ஒரு பாதுகாப்புப் பெட்டியை வைத்தேன். வெளியிலிருந்து வருகிறவர்கள் எண்களைப் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. கம்பெனி கொடுத்த கடவுச்சொல்லை மாற்றினேன். கரண்ட் கொடுத்ததும் பச்சை விளக்கு சிமிட்டி, சிமிட்டி, நிலையாக நின்றது. முதலாளியின் போனில் எண்கள் வந்தன. நாற்காலியிலிருந்து எழுந்து, போனையும் வெப்பமானியையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தைபோல் முகம் மலர்ந்தது.

பிறகு கேட்டார். "ஸ்டார்ட் பட்டன் எங்கம்மா?"

"பார்க்க மட்டும்தான் சார். போன்லேர்ந்து ஓட்ட முடியாது."

"ஏன்? நின்னுபோச்சுன்னா பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கவா?"

"இவரு கம்ப்ரஸர் பெல்ட்டுல கை வச்சிருக்கும்போது நீங்க வீட்லேர்ந்து பட்டனை அமுக்கினா என்னா சார் ஆவும்?"

அவர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். பிறகு, "அதுக்குத்தான் போன் பண்ணிக் கேட்டுட்டு அமுக்குவேனே" என்றார். நான் தலையசைத்து மறுத்தேன். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. ஏமாந்த முகத்தோடு உள்ளே போய்விட்டார்.

எலக்ட்ரீஷியனுக்காகத்தான் பேசினோம் என்ற நினைப்பில் பையைக் கட்டினேன். பேருந்து நிறுத்தம்வரை பைக்கில் விடுகிறேன் என்றார். இறங்கியதும், வண்டியை அணைக்காமலே சொன்னார்.

"தப்பா நெனக்காதீங்க மேடம். நீங்க சொன்னது ரைட்டுதான். ஆனா நீங்க சிதம்பரம் போயிடுவீங்க. கரண்ட் போயி மெஷின் நின்னுச்சுன்னா நான்தான் வரணும். ஒரு பட்டன் அமுக்க குறிஞ்சிப்பாடிலேர்ந்து வரேன், ஒரு பட்டன் அமுக்க. அவரு வீட்லேர்ந்து அமுக்கிட்டா நான் தூங்குவேன்ல? போன மாசம் வண்டி ஓட்டிக்கிட்டே கண்ணு சொருகி பள்ளத்துல எறங்கிட்டேன். அது மட்டும் ஆபத்து இல்லியா?"

சிதம்பரம் பேருந்து வந்தது, ஏறிவிட்டேன். உட்கார இடம் கிடைத்தும் அன்று தூக்கம் வரவில்லை. அவருடைய கையை நினைத்த நான் அவருடைய கண்ணை நினைக்கவில்லை. பாதுகாப்பு என்று நான் சொல்வதெல்லாம் அந்தப் பேனலின் கதவோடு முடிந்துவிடுகிறது என்று தோன்றியது. அதற்கு வெளியே ஒரு மனிதன் பைக்கில் வந்து போகிறான்.

வார இறுதியில் கணவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "வேற வழி இருக்கா இல்லியா?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

"இன்னொரு தடவ போவணும். இன்னொரு தடவ நிறுத்தணும். இன்னொரு தடவ அவருகிட்ட பேசணும்."

"போயிட்டு வா" என்றார். அவருக்கும் திட்டக்குடி பேருந்து தெரியும்.

அடுத்த ஞாயிறு மாதா கோயில் பூசைக்குப் போகாமல் முதுநகர் போனேன். பேனலில் ஒரு சாவி சுவிட்ச் வைத்தோம். சாவி ஒரு பக்கம் இருந்தால் போனிலிருந்து கம்ப்ரஸரை ஓட்டலாம். மறுபக்கம் திருப்பினால்தான் சாவி கையோடு வரும். வந்துவிட்டால் போனில் எத்தனை முறை அமுக்கினாலும் ஓடாது. கம்ப்ரஸர் அறைக்குள் போகிறவர் சாவியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதோடு, ஓடுவதற்கு முன் ஒரு சைரன் நன்றாக ஊதி ஓயும். எலக்ட்ரீஷியனிடம் இரண்டு தடவை சொன்னேன். "பெல்ட் கவரைக் கழட்டுறதா இருந்தா இந்தச் சாவிய மட்டும் நம்பாதீங்க. மெயினை எறக்கிப் பூட்டணும்."

"சரிக்கா" என்றார். மேடம் எப்போது அக்கா ஆனேன் என்று தெரியவில்லை.

பாதுகாப்புப் பெட்டியில் அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் வழி விட்டதும் முதலாளியின் போனில் ஸ்டார்ட் பட்டன் வந்தது. சைரன் ஊதியபோது அவரே காதைப் பொத்திக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மழைக்காலம் தொடங்கும் முன் சர்வீஸுக்குப் போனபோது எலக்ட்ரீஷியன் முன்னைவிட இளைத்திருந்தார். பட்டன் அமுக்க வருவது நின்றுபோயிருந்தது. ஆனால் போன் நிற்கவில்லை. அறைக் கதவைத் திறந்து சரக்கு ஏற்றினால் எண் ஏறும். எண் ஏறினால் முதலாளியின் போன் கத்தும். உடனே எலக்ட்ரீஷியனின் போன் கத்தும். "ஏம்ப்பா ஏறுது?" விடியற்காலையிலும் அதே கேள்வி. முன்பு தினமும் வந்து ஒரு சுற்று பார்த்துவிட்டுப் போன முதலாளிக்கு இப்போது நாள் முழுக்க அந்த எண்கள்தான் கண்ணில்.

நான் முதலாளியிடம் போனேன். சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் மேஜையில் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"கண்ணு மூட வுட மாட்டேங்குதும்மா இது. முழிச்சு முழிச்சுப் பாக்குறேன். வீட்டுல திட்டுறாங்க, அதைத் தூக்கிக் கெணத்துல போடுங்கன்னு. அந்த நாத்தம் இருக்குல்ல, அது ஞாபகத்துக்கு வந்துடுது. கொஞ்சம் கம்மி பண்ண முடியுமா?"

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னோம். முதலாளி முன்னால் உட்கார அவர் தயங்கினார். டீ வந்தது. எது உண்மையான ஆபத்து, எது சும்மா கதவு திறந்ததால் ஏறும் எண் என்று மூவரும் பேசினோம். கதவு திறந்தால் எவ்வளவு நேரத்தில் பழைய குளிர் திரும்பும் என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். எதற்குமேல் போனால் இறால் தாங்காது என்று முதலாளி சொன்னார். இரண்டுக்கும் நடுவே எச்சரிக்கையை வைத்தேன். அந்த எல்லையைத் தாண்டிக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் மட்டும் போன் கத்தும். அம்மோனியா கசிவு, கம்ப்ரஸர் அழுத்தம் இரண்டின் எச்சரிக்கைகளையும் தொடவில்லை. அவை எப்போது வந்தாலும் எல்லோரும் எழுந்தே ஆக வேண்டும்.

"இன்னைக்கி அடிக்காதுல்ல?" என்று கேட்டார் முதலாளி.

"அடிச்சா நெசமாவே ஏதோ இருக்குன்னு அர்த்தம் சார்."

அவர் போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார். எலக்ட்ரீஷியன் டீ டம்ளரைக் கழுவி வைக்க எழுந்தார். முதலாளி வேண்டாம் என்று கையைக் காட்டினார். சுவருக்கு அப்பால் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. மூவரில் ஒருவருக்கும் மற்றவருக்கு நன்றி சொல்லத் தெம்பில்லை. முதலாளி கண்ணை மூடியிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நாங்கள் சத்தமில்லாமல் நாற்காலியை நகர்த்தி வெளியே வந்தோம்.